உஷார்! நிற்பது காரா, இன்சூரன்ஸா?

அரியலூர் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு டிப்பர் லாரியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரெட்டிப்பாளையம், தாமரைக்குளம், கீழப்பழுவூர், ஆலத்தியூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சிமென்ட் ஆலை. சுண்ணாம்புக்கல் டிப்பர்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. காரை ஓரங்கட்டிவிட்டு ஒரு டீ குடித்துத் திரும்புவதற்குள் பின்பக்க பம்பர் பிய்ந்து தொங்கும். நம்பரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். புழுதி மட்டும் அடங்காமல் இருக்கும். பெரம்பலூர் பக்கம் என்றால் எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லர், இல்லையென்றால் நான்கு ரோட்டில் அவசரமாக ரிவர்ஸ் எடுக்கும் வேன்.

கார்க்காரர் பெரிதாகப் பதற மாட்டார். "இன்சூரன்ஸ் இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு இருக்குங்க" என்பார். கம்பெனிக்குப் போன் போட்டதும்தான் முகம் மாறும். "சார், உங்க வண்டிக்கு ஓன் டேமேஜ் போன மார்ச்லயே முடிஞ்சுபோச்சு. தேர்ட் பார்ட்டி மட்டும்தான் இருக்கு."

உஷார்! புதுக் கார் வாங்கி மூன்று வருடம் முடியாதவர்கள் இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். டேஷ்போர்டில் இருக்கும் பாலிசியை எடுத்து வாருங்கள்.

இந்தக் குழப்பம் ஒரு நல்ல காரியத்தில் இருந்து கிளம்பியது. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துச் சாவுகளைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். வண்டிகள் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடுவதால் அடிபட்டவர் குடும்பம் தெருவில் நிற்கிறது என்ற விஷயமும் அதில் வந்தது. 2018 ஜூலை 20 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது: புதுக் காருக்கு 3 வருடம், புது டூவீலருக்கு 5 வருடம் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அடிபட்டவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் ஷோரூமில் வழக்கமாகக் கையில் தரும் பாலிசியில் இப்போது இரண்டு காலக்கெடு இருக்கிறது. தேர்ட் பார்ட்டிக்கு 3 வருடம், உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு, அதாவது ஓன் டேமேஜுக்கு, 1 வருடம். கார் வாங்குகிற சந்தோஷத்தில் பெரிய தேதி மட்டும் மனதில் நின்றுவிடுகிறது. ஓன் டேமேஜை மட்டும் தனியாக வாங்கும் வசதி 2019 செப்டம்பரில் இருந்தே இருக்கிறது. வருடா வருடம் அதைப் புதுப்பிக்க வேண்டியது நம் பாடு.

மூன்று வருடம் தாண்டியவர்களுக்கு வேறு கண்ணி. செல்போனில் விலையை வரிசைப்படுத்தி, மேலே வரும் மலிவான பாலிசியைத் தட்டிவிடுகிறோம். தேர்ட் பார்ட்டிக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் உண்டு. 2022 ஜூன் 1 முதல் வந்த கணக்குப்படி 1000 சிசி வரையிலான காருக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஸ்விஃப்ட் மாதிரி ஒரு கார் வைத்துக்கொண்டு, ஜிஎஸ்டியோடு சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம்தான் கட்டினேன் என்று பெருமைப்படுகிறவர் வாங்கியிருப்பது அநேகமாக வெறும் தேர்ட் பார்ட்டி. வண்டிச் சோதனையில் போலீஸ் மடக்கினால் அது போதும். மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது அதை மட்டுமே. அது இல்லாவிட்டால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 அபராதம். ஆனால் அந்தக் காகிதம் உங்கள் கார் இடித்த அடுத்தவருக்குப் பணம் கொடுக்கும். நிறுத்தி வைத்த உங்கள் காரின் ஒரு இண்டிகேட்டர் மூடிக்குக்கூடக் கொடுக்காது.

சரி, இடித்தவன் அகப்பட்டான் என்றே வையுங்கள். அவனுடைய தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில் இருந்து கேட்கலாம். அதற்கு நேராகக் கம்பெனி கவுண்டரில் போய் நின்றால் நடக்காது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் அதற்கு 6 மாதக் கெடு சட்டத்தில் ஏறியிருக்கிறது. எஃப்ஐஆர் வேண்டும், குறைந்தபட்சம் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீதாவது கையில் இருக்க வேண்டும். அடுத்தவர் சொத்துச் சேதத்துக்குப் பொதுவாக ஏழரை லட்சம் வரை பாலிசியில் இடம் உண்டு. ஆனால் பிரீமியத்தில் சில்லறை மிச்சம் பிடிக்க, அதை வெறும் 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளும் வண்டி உரிமையாளர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் மீதிக்கு அந்த உரிமையாளரைத்தான் துரத்த வேண்டும். இடித்த டிராக்டருக்கு இன்சூரன்ஸே இல்லை என்றால் முழுத் தொகைக்கும் துரத்தல்தான். பெரும்பாலும் ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் புகுந்து, "நம்ம பையன்தான் விடுப்பா" என்று முடித்து வைப்பார்.

இடித்தது யார் என்றே தெரியாவிட்டால் தேர்ட் பார்ட்டிப் பேச்சுக்கே இடமில்லை. இடித்துவிட்டு ஓடிய வழக்குகளில் அரசுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, உயிர் போனால் 2 லட்சம், கொடுங்காயம் பட்டால் 50,000. மனிதருக்கு. பம்பருக்குக் கிடையாது.

ஆகவே நிற்கிற காரைக் காப்பாற்றுவது ஓன் டேமேஜ் ஒன்றுதான். அது உயிரோடு இருந்தால் அதன் கை நீளம். அடையாளம் தெரியாத வண்டி இடித்தது, மரம் விழுந்தது, மழையில் மண்சுவர் சரிந்து மேலே விழுந்தது, புயல், வெள்ளம், இடி, தீ, திருட்டு, கலவரத்தில் கல்லெறி, பகையில் எவனோ கண்ணாடியை உடைத்தது எல்லாமே அதற்குள் அடக்கம். 2019 பிப்ரவரி 23 அன்று பெங்களூரு எலஹங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா கண்காட்சி பார்க்கப் போனவர்கள், காய்ந்த புல்வெளியில் காரை விட்டுப் போனார்கள். தீப்பிடித்தது. சுமார் 300 கார்கள் எரிந்தன. ஓட்டியவர் தப்பு, இடித்தவர் தப்பு என்று எதுவுமே இல்லாத நஷ்டம். ஓன் டேமேஜ் வைத்திருந்தவர் காருக்கான பணத்தைக் கேட்டு வாங்கலாம். வெறும் தேர்ட் பார்ட்டி வைத்திருந்தவருக்குக் கேட்க இடமே இல்லை. சிறுவாச்சூர் கோயிலுக்கும் கல்லங்குறிச்சித் தேருக்கும் போகிறவர்கள் அறுவடை முடிந்த கொல்லையில் சோளத்தட்டை மேலேயே காரை ஏற்றி நிறுத்துகிறோமே, அப்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஓடிவந்த காரின் சைலன்சர் எவ்வளவு சூடாக இருக்கும் என்று கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வெள்ளத்தில் ஒரு சூது உண்டு. 2015 டிசம்பரில் சென்னையில் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் நின்ற கார்கள் முழுகின. தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் காரியம் சாவியைத் திருப்பியது. இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீர் அழுந்தாது. உள்ளே கனெக்டிங் ராடு வளையும், இன்ஜின் பூட்டிக்கொள்ளும். "கார் நனைந்தது வெள்ளத்தால், இன்ஜின் போனது நீங்கள் ஸ்டார்ட் செய்ததால்" என்று கம்பெனி கையை விரிக்கும். திருமானூர், திருமழபாடி என்று கொள்ளிடக் கரையில் இருப்பவர்கள் மனதில் எழுதி வையுங்கள்: நனைந்த காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், போட்டோ எடுங்கள், கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். இன்ஜின் புரொடெக்ட் என்று ஒரு கூடுதல் கவர் இருக்கிறது. கரையோரக்காரர்களுக்கு அது வீண் செலவு இல்லை.

ஓன் டேமேஜ் இருந்தும் கிடைக்காதவை சில. எவனாவது டயரை மட்டும் கிழித்துவிட்டுப் போனால் கிடையாது. காரின் வேறு பாகமும் சேர்ந்து சேதமானால் பாதி. கண்ணாடியை உடைத்து லேப்டாப்பைத் தூக்கிப் போனால் கண்ணாடிக்கு உண்டு, லேப்டாப்புக்கு இல்லை. பாலிசியில் காட்டாமல் போட்ட கேஸ் கிட், வெளியில் மாட்டிய விளக்கு, ஆடியோ இவற்றால் தீப்பிடித்தால் சண்டை நிச்சயம். மக்காச்சோளம் கொட்டி வைத்த ஷெட்டில் காரையும் விடுகிறவர்கள், எலி வயரைக் கடித்தால் என்ன கணக்கு என்று கம்பெனியிடம் இமெயிலிலேயே கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

பயப்பட வேண்டிய இன்னொரு இடம் பெயர். திருச்சியிலோ நாமக்கல்லிலோ கன்சல்டிங்கில் செகண்ட் ஹேண்ட் கார் எடுக்கிறோம். ஆர்சி பெயர் மாற்றத்துக்கே நாலு மாதம் இழுத்தடிக்கிறோம். இன்சூரன்ஸ் பெயரை யார் நினைக்கிறார்கள்? கார் கைமாறினால் தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு புது உரிமையாளருக்குத் தானாகவே வந்துவிடும். ஓன் டேமேஜ் அப்படி வராது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்ற வேண்டும். மாற்றாத காரின் மேல் புளியமரம் விழுந்தால், பிரீமியம் கட்டியவருக்குக் கார் இல்லை, கார் வைத்திருப்பவருக்குப் பாலிசி இல்லை. இருவருக்கும் பணம் இல்லை.

தற்காலிகப் பதிவு எண்ணோடு சுற்றுகிறவர்களுக்கு இதைவிடக் கொடுமையான ஒரு தீர்ப்பு இருக்கிறது. ராஜஸ்தான்காரர் ஒருவர் புது பொலிரோ வாங்கினார். தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19 அன்று முடிந்தது. நிரந்தரப் பதிவு எடுக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து ஜோத்பூரில் ஒரு விருந்தினர் விடுதிக்கு வெளியே நிறுத்தியிருந்தார். இரவில் திருட்டுப் போனது. யுனைடெட் இந்தியா கம்பெனி மறுத்தது, வழக்கு பத்து வருடம் ஓடியது. 2021 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பதிவு இல்லாத வண்டியை ஓட்டிப்போய் வெளியூரில் நிறுத்தியதே பாலிசி நிபந்தனை மீறலாம். பாலிசி இருந்தது, பிரீமியம் கட்டியிருந்தார், கார் நின்றுகொண்டுதான் இருந்தது. ஒரு ரூபாய் வரவில்லை.

ஓன் போர்டு காரைக் கல்யாண சீசனில் வாடகைக்கு விடுகிற நண்பர்களும் உஷார். திருச்சி ஏர்போர்ட் டிரிப்பில் நிறுத்தி வைத்த இடத்தில் யாரோ இடித்தாலும், அது வாடகை ஓட்டம் என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கண்டுபிடித்தால் கதை முடிந்தது. மண்டபத்தில் எடுத்த வீடியோவே சாட்சி சொல்லும்.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அங்கிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் அரியலூர் ஸ்டேஷன் பக்கம் காரை விட்டு ரயில் ஏறுகிறார்கள். திரும்பி வந்து காரைக் காணோம் என்றால், முதலில் போலீஸ். அன்றே. எஃப்ஐஆர் உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. அது ஒருவரின் டிராக்டர் திருட்டுப் போன வழக்கு. அதற்காகக் கம்பெனிக்குச் சொல்வதை ஒத்திப்போட வேண்டாம். அவர் இதற்காக எத்தனை வருடம் கோர்ட் படி ஏறினார் என்பதையும் யோசியுங்கள். கம்பெனி இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் கேட்கும். ஒன்று தொலைந்துபோய் டூப்ளிகேட் போட்டிருந்தால், அப்போதே புகார் கொடுத்து ரசீது வைத்திருக்க வேண்டும். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கிய ஒரு வழக்கில், 2023-ல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. கால்வாசிப் பணம் கவனக்குறைவுக்குப் போனது.

'வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஹோட்டல் வாசலில் தொங்கும் போர்டுக்கு நாம் கொடுக்கும் மரியாதை அதிகம். டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் 1998-ல் ஒருவர் மாருதி ஜென் காரின் சாவியை வாசல் ஆளிடம் கொடுத்து உள்ளே போனார். கார் திருட்டுப் போனது. டோக்கனில் அச்சடித்த வாசகத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது, சாவி வாங்கியவர்தான் பொறுப்பு என்று 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஆகவே டோக்கனைக் கசக்கி எறியாதீர்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். நாலரை வருடக் கார், பில் 37,000 ரூபாய் என்று ஒரு உதாரணம் எடுத்துக்கொள்ளலாம். பம்பர் 8,000, பிளாஸ்டிக் என்பதால் பாதிதான் வரும். தகரப் பாகம் 6,000. நாலு வருடம் தாண்டியதால் தேய்மானமாக 35 சதவீதம் கழியும். கண்ணாடி 7,000, கூலி 6,000 இரண்டும் முழுதாக வரும். பெயிண்டிங் 10,000, அதில் கால்பங்கைப் பெயிண்டின் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். கடைசியில் கட்டாயக் கழிவு 1,000. கையில் வருவது 28,650. உங்கள் பையிலிருந்து 8,350. ஜீரோ டெப் என்ற கவரை வாங்கியிருந்தால் இந்தக் கழிவுகளில் பெரும்பகுதி இருக்காது. ஆன்லைனில் பிரீமியம் குறையட்டும் என்று வாலன்டரி டிடக்டிபிள் கட்டத்தில் டிக் அடித்திருந்தால் இன்னொரு 2,500-ல் இருந்து 15,000 வரை கழியும். அந்த டிக்கைப் போட்டதே பலருக்கு ஞாபகம் இருக்காது.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புது வண்டிகளுக்கு ஐந்து வருடம் முழுப் பாதுகாப்பு தரும் 'பம்பர் டு பம்பர்' இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சொன்னதை இன்னும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மாதமே நீதிமன்றம் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. முதல் செய்தி வாட்ஸப்பில் சுற்றியது, இரண்டாவது சுற்றவில்லை.

சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடுவதும் ஆபத்தே. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் சேர்த்திருக்கிறீர்கள், ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 10,000 என்று வையுங்கள். ஒரு கிளெய்ம் போட்டால் போனஸ் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் பழையபடி 50-க்கு வர வேண்டும். அந்த ஏணியில் மறுபடி ஏறி முடிக்கும்போது கூடுதலாகக் கட்டியிருப்பது 12,500 ரூபாய். எட்டாயிரம் ரூபாய்க் கீறலுக்கு கிளெய்ம் வாங்கித் தந்த ஏஜென்ட்டுக்கு அப்புறமும் நன்றி சொல்வீர்களா?

அதே ஏஜென்ட்டோ ஒர்க்‌ஷாப் ஆளோ இன்னொரு யோசனை சொல்வார்: "ரிவர்ஸ்ல சுவத்துல இடிச்சேன்னு எழுதுங்க சார், சீக்கிரம் பாஸ் ஆகும்." எழுதாதீர்கள். நின்ற கார் என்றால் நின்ற கார். நிறுத்தி வைத்ததை யாரோ இடித்தது ஓன் டேமேஜில் நியாயமான கிளெய்ம். அதற்குப் பொய்யே தேவையில்லை. டிப்பரின் மஞ்சள் பெயிண்ட் கதவில் ஒட்டியிருக்க, சுவர்க் கதை எழுதினால் சர்வேயர் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார். காரை நகர்த்தும் முன் நாலு பக்கமும் போட்டோ, எதிர்க் கடையின் கேமரா பதிவு அழியும் முன் அதன் நகல், சிஎஸ்ஆர். கம்பெனிக்குத் தகவல் போன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அதிலிருந்து 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதித்திருக்கிறது. இழுத்தடித்தால் 155255 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சென்னையில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணம் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

நிற்கிற கார் அடி வாங்க மட்டும் செய்வதில்லை, அடியும் கொடுக்கும். திருச்சி-சென்னை நாற்கர சாலையில் பாடாலூர் தாண்டி ராத்திரியில் பார்க்கிங் லைட் போடாமல் நின்ற காரில் ஒரு பைக் வந்து மோதினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். நின்ற வண்டியும் 'பயன்பாட்டில்' இருந்த வண்டியே என்பது 1991-லேயே முடிந்த விஷயம். மகாராஷ்டிரத்தில் மோதலுக்குப் பின் சாலையைவிட்டு இறங்கிக் கிடந்த பெட்ரோல் டேங்கர், சில மணி நேரம் கழித்து வெடித்து ஆட்கள் செத்த வழக்கு அது.

கடைசியாக, சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஜெயங்கொண்டம், செந்துறை, வேப்பந்தட்டைக்காரர்களுக்கு. ஊரில் ஷெட்டில் உறையைப் போர்த்தி நிற்கும் காருக்கு, "ஓடவே இல்லையே" என்று இன்சூரன்ஸை விட்டுவிடுகிறீர்கள். தீயும் திருடனும் ஓடாத காரையும் தேடி வருவார்கள். தேர்ட் பார்ட்டியோடு தீ, திருட்டு இரண்டுக்கு மட்டும் சேர்த்துத் தரும் குறைந்த விலைக் கவர் இருக்கிறது. ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்க வேண்டும். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த போனஸ் மொத்தமும் போய்விடும். ஒருநாள் விட்டுப்போனாலும் காரைச் சோதித்துப் பார்த்துத்தான் ஓன் டேமேஜ் தருவார்கள். யாராவது உறையை விலக்கி, இன்ஜினை ஓடவிட்டு, நாலு பக்கமும் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். பேட்டரி செத்துப் போயிருக்கும். மெக்கானிக்குக்கும் சேர்த்தே இப்போது போன் போட்டுவிடுங்கள்.